சூடேறினால் மட்டும் வரும் வருத்தம்: வாசகர் கேள்வி பதில்

கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. திருகோணமலையில் மனிதருக்கே தலை இடிக்கிற காலம், என்ஜினுக்கு மட்டும் இடிக்காதா? இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: குளிராக இருக்கும்போது நல்லாக ஓடுகிறது, சூடானதும் குழப்புகிறது. அதில் இரண்டு கடிதம் சின்ன விமானங்களைப் பற்றியது என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோசம், பழைய தொழில் அல்லவா.

உவர்மலையில் இருந்து ஒரு வாசகர்: ஐயா, மகன் வெளிநாட்டில் விமானம் ஓட்டப் பழகுகிறான். நாலு சிலிண்டர், காபரேட்டர் என்ஜின். காலையில் எல்லாம் சரி. 40 நிமிடம் பறந்து இறங்கி, மறுபடி புறப்பட முன் பார்த்தால் வலது மக்னீற்றோவில் என்ஜின் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் இறங்கி என்ஜின் குலுங்குகிறதாம். மெக்கானிக் பின்னேரம் வந்து பார்க்கும்போது ஒன்றும் இல்லை. பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பொடியனுக்குப் பயம். என்ன செய்யச் சொல்ல?

முதலில், அந்த நிலையில் புறப்படாமல் திரும்பி வந்தது சரி என்று பொடியனுக்குச் சொல்லுங்கள். பயம் நல்ல பயம்தான்.

விசயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகை என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அதற்கு இரண்டு மக்னீற்றோ. பற்றரி செத்தாலும் மக்னீற்றோ தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி கொடுக்கும். 1902-ல் ஜெர்மனியின் பொஷ் பட்டறையில் உருவான அதே யோசனை, இன்றும் பயிற்சி விமானங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. புறப்பட முன் சாவியை ஒரு பக்கம், மற்றப் பக்கம் என்று திருப்பி, ஒரு மக்னீற்றோவில் மட்டும் ஓடும்போது எத்தனை சுற்று இறங்குகிறது என்று பார்ப்பார்கள். செஸ்னா 172என் என்ற சின்ன விமானத்தின் கையேட்டில் இதை 1700 சுற்றில் பார்க்கச் சொல்லியிருக்கிறது, எந்தப் பக்கமும் 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. மகனின் விமானத்துக்கு அதன் கையேட்டில் என்ன எண் என்று பார்க்கட்டும், ஆனால் 300 என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது.

சாவி ‘இரண்டும்’ என்ற இடத்தில் இருக்கும்போது நல்ல மக்னீற்றோ கெட்டதன் பிழையை மூடிவிடும், பறக்கும்போது ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான். மெக்கானிக் பின்னேரம் வந்து ஆறிப்போன என்ஜினில் பார்த்தால் அவருக்கும் ஒன்றும் அகப்படாது. காய்ச்சல் விட்ட பிறகு வைத்தியரிடம் போய் நிற்பது மாதிரி. இறங்கின கையோடு, சூடு குறைய முன், மெக்கானிக் பக்கத்தில் நிற்க அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் முன்னே அரை மணி நேரம் தரையில் ஓட்டலாம், ஆனால் தரையில் காற்று போதாது, சிலிண்டர் சூட்டைப் பார்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அடுத்தது, ஒரு சிலிண்டரா, நாலுமா? வலது மக்னீற்றோவில் மட்டும் ஓடவிட்டு அப்படியே நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் எக்சோஸ்ட் குழாயின் சூட்டையும் தூரத்தில் இருந்து அளக்கும் கருவியால் மெக்கானிக் பார்க்கட்டும். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரின் பிளக்கில், அல்லது அதற்குப் போகும் வயரில். பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால் கோளாறு கூடவே போகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். புதுப் பிளக் என்பதற்காக நல்ல பிளக் என்று நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் தடையை அளந்து 5000 ஓமுக்கு மேல் போனதை அனேக மெக்கானிக்மார் ஒதுக்கிவிடுவார்கள்.

நாலுமே தடுமாறினால் மக்னீற்றோவேதான், அல்லது அதில் இருந்து சாவிக்கு வரும் வயர். இந்த வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவிச்சுக்கு நேர் எதிர் இது: வயர் என்ஜின் உடம்பில் முட்டினால் மக்னீற்றோ நிற்கும், முட்டாவிட்டால் வேலை செய்யும். வயரின் உறை உரசித் தேய்ந்திருந்தால், சூட்டில் இளகி, குலுக்கத்தில் எங்காவது முட்டி, மக்னீற்றோவைக் கொன்றுவிடும். ஆறினதும் பழையபடி. மக்னீற்றோவுக்குள் இருக்கும் கொயிலை, அதாவது பொறிக்கான மின்சாரம் உண்டாக்கும் கம்பிச் சுருளை, கழற்ற முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், செலவே இல்லாத வேலை.

அதுவும் சரி என்றால் என் சந்தேகம் முதலில் கொயில், பிறகு கண்டென்சர் (மின்சாரத்தைச் சற்றுத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்). கொயிலுக்குள் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருக்கும். எங்கேயோ ஓர் இடத்தில் கம்பி அறுந்து, நுனிகள் தொட்டுக்கொண்டு இருக்கும். குளிரில் வேலை செய்யும், சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். சில நேரம் கம்பியின் மேல் பூச்சு போய் சுற்றுக்குச் சுற்று முட்டும். இதைக் குளிர்ந்த கொயிலில் மீற்றர் வைத்து அளந்தால் அழகான எண் காட்டும்! சூடாக்கிக்கொண்டே அளக்க வேண்டும். செப்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடுவது இயல்பு, ஆகவே 50 பாகை ஏறினால் 20 வீதம் அளவில் மெதுவாகக் கூடும். அது கோளாறு இல்லை. முள் திடீரென்று துள்ளினால், அல்லது எண்ணே இல்லாமல் போனால், அதுதான் நாங்கள் தேடின ஆள். கண்டென்சர் சூட்டில் கசிந்தால் பொறி பலம் இழக்கும், பொயின்ற், அதாவது தொட்டுத் தொட்டுப் பிரியும் மின்முனைகள், கருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மக்னீற்றோவுக்கு ஏன் இவ்வளவு சூடு என்றும் கேளுங்கள். சில விமானங்களில் அதற்கு நேராகக் குளிர்காற்று ஊதுகிற ஒரு சின்னக் குழாய் இருக்கும். யாரோ ஒரு நாள் கழற்றி, திருப்பிப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். நான் வேலை பழகிய காலத்தில் ஓரிடத்தில் இரண்டு கொயில் மாற்றிய பிறகுதான் அந்தக் குழாய் கீழே தொங்குவதைக் கண்டோம். மூன்றாவது கொயில் வாங்கத் தேவைப்படவில்லை. கடைசியாக எப்போது மக்னீற்றோவைக் கழற்றி உள்ளே பார்த்தார்கள் என்றும் விசாரியுங்கள், 500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது.

நிலாவெளி வாசகி: தங்கையின் கணவர் அவுஸ்திரேலியாவில் நாலு பேரோடு சேர்ந்து ஒரு சின்ன விமானம் வைத்திருக்கிறார், இன்ஜெக்சன் என்ஜின் (காபரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சும் வகை). இறங்கி, எரிபொருள் எண்ணெய் நிரப்பி, 20 நிமிடத்தில் திரும்பி வந்தால் ஸ்டார்ட் எடுக்காதாம். ஒருவர் மக்னீற்றோ என்கிறார், ஒருவர் எண்ணெய் ஆவியாகிறது என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் ஆவிப் பக்கம். என்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடும், சூடு மேலே ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் மூடி போட்ட பானைக்குள் சோறு வேகிறதே, அப்படி. எண்ணெய் போகும் மெல்லிய குழாய்கள் சிலிண்டர்களின் மேலேயே கிடப்பதால் உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகிவிடும். ஸ்டார்ட் எடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடம் தடுமாறி, பிறகு சீராகி, மக்னீற்றோ சோதனையும் ஒழுங்காக வந்தால் ஆவிதான். கையேட்டில் சூடான என்ஜினுக்கென்று தனியாக ஒரு ஸ்டார்ட் முறை இருக்கும், அதை எழுத்துக்கு எழுத்து செய்யச் சொல்லுங்கள். ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தால் (நாலு பங்காளி என்றால் நாலு முறை இருக்கும், எனக்குத் தெரியும்) என்ஜினை எண்ணெயில் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு பொறியைக் குறை சொல்வார்கள்.

ஆனால் ஒன்று: பல என்ஜின்களில் ஸ்டார்ட் எடுக்கும்போது இடது மக்னீற்றோ மட்டும்தான் வேலை செய்யும். மெதுவாகச் சுற்றும்போது பொறி பலமாகவும் பிந்தியும் வருவதற்கு அதில் ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கும், இம்பல்ஸ் கப்ளிங் என்பார்கள், கையால் சுற்றினால் ‘டக்’ என்று கேட்கும். அந்த மக்னீற்றோவின் கொயில் சூட்டில் தளர்ந்தால் பறப்பது சரி, ஸ்டார்ட் மட்டும் வராது. ஆகவே முறையாகச் செய்தும் வரவில்லை என்றால் இடது பக்கத்தைக் கழற்றட்டும்.

கிண்ணியாவில் இருந்து ஒரு மீனவர்: விமானம் எங்களிடம் இல்லை ஐயா, வள்ளம்தான். வெளி என்ஜின் முக்கால் மணி ஓடி நிற்கிறது, கால் மணி பொறுத்தால் திரும்ப ஓடுகிறது. கொயில் மாற்ற வேண்டுமா?

தம்பி, கொயிலுக்குக் காசு கொடுக்க முன் எண்ணெய்த் தாங்கியின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, எண்ணெய் வராமல் நிற்கும், பொறுத்தால் திரும்ப ஓடும். கொயில் கோளாறு போலவே இருக்கும், நானே ஏமாந்திருக்கிறேன். திருகு திறந்துதான் இருக்கிறது, பக்கத்தில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் ஒழுங்காகப் பீய்ச்சுகிறது என்றால், நின்ற உடனேயே, ஆற விடாமல், பொறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்குரிய சோதனை விளக்கால். பிளக்கைக் கழற்றி வெறுமனே பொறி பார்ப்பது எண்ணெய் ஆவி நிறைந்த வள்ளத்தில் விளையாட்டு இல்லை.

தம்பலகாமத்தில் இருந்து ஒரு மாணவர்: சாவியை நிறுத்திய விமானத்தின் காற்றாடியைக் கையால் சுற்றலாமா?

சுற்ற வேண்டாம். மேலே சொன்ன அந்தச் சாவி வயர் அறுந்திருந்தால் மக்னீற்றோ உயிரோடுதான் இருக்கும், சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தாலே காற்றாடி உதைக்கும். சூடான என்ஜினில் இன்னும் மோசம். சீனக்குடாப் பக்கம் பயிற்சி விமானச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசை வரும்தான், எனக்கும் வந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள்.