மும்பைப் பயிலரங்குக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, எம்.எஸ்சி. கணக்கு முடித்த மகள் இப்போது "பிள்ளைகள் போடும் தப்புக் கணக்கை" ஆராய்ச்சி செய்கிறாளே, அதற்காக மும்பைக்கு மூன்று நாள் பயிலரங்கு வேறா என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய குறிப்பில் ஒரு பக்கத்தை நீங்கள் அனுப்பியது நல்லதாயிற்று.

ஆறாம் வகுப்புப் பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். ஏன் என்று கேட்டால், "முதல் டெஸ்டில் ரெண்டுக்கு ஒண்ணு, அடுத்ததுல மூணுக்கு ஒண்ணு, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு" என்கிறான். மதிப்பெண் கூட்ட அது சரிதான்! பின்னம் என்பது ஒரே முழுமையின் பங்கு என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கும் தெரிய வேண்டும், பிள்ளை மனசும் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கிறது.

ஆனால் கணிதக் கல்வி என்ற இந்தத் துறையில் ஆட்கள் குறைவு. கணக்குத் துறையில் "இது கணக்கே இல்லை" என்பார்கள். கல்வியியல் துறையில் அந்தப் பின்னத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது. அவளுக்குப் பேச்சுத்துணை தேவை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974 முதல் இருக்கிறது. இதே துறையில் அங்கே பிஎச்.டி. செய்கிறார்கள். 2016இல் ஹாம்பர்க்கில் நடந்த உலகக் கணிதக் கல்வி மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கினார்கள். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோடைப்பள்ளி உண்டு. இளம் ஆய்வாளர்கள் தாங்கள் எழுதியதை அங்கே கொண்டுபோய், அனுபவசாலி ஒருவரோடு சிறு குழுவாக உட்கார்ந்து அலசுவார்கள்.

எல்லாப் பயிலரங்கும் அப்படி இல்லை. சொற்பொழிவு, குரூப் போட்டோ, சான்றிதழ் என்று முடிவதும் உண்டு. அதனால் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்: வருகிறவர்களின் எழுத்தை யாராவது படித்துக் கருத்துச் சொல்வார்களா? ஆம் என்றால் யோசிக்காமல் அனுப்புங்கள்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பிஎச்.டி. பட்டம் கணிதத்தின் பெயரிலா, கல்வியியலின் பெயரிலா என்பதை இப்போதே பல்கலைக்கழகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும். கல்லூரிக் கணக்குத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரிய விஷயம். ஆசிரியர் பயிற்சி, பாடநூல் தயாரிப்பு பக்கம் போகிறவர்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. அப்புறம், பட்டம் முடித்த சீனியர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பதை அந்த மூன்று நாளில் நேரிலேயே கேட்டு வரலாம்.

தங்குமிடமும் ரயில் கட்டணமும் தருவார்களா என்று மெயில் போட்டுக் கேட்கட்டும், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடிந்த அத்தியாயம் கையில் இல்லையே என்று தயங்கினால், விண்ணப்பத்தோடு அந்த 2/5 பக்கத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.