அம்மாவின் கடைவாய்

அன்புள்ள ஐயா,

பந்தலூர்ப் பகுதியில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். தேயிலைத் தோட்டப் பெண்கள் புகையிலை போடும் பழக்கத்தை விடவேண்டும் என்று, ஒவ்வொருவர் பெயரையும் இட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் திட்டமிட்டுள்ளோம். அச்சமூட்டும் படங்கள் சேர்க்கலாமா, பாட்டாக எழுதினால் நல்லதா? எத்தனை முறை சொன்னாலும் இந்த மக்கள் கேட்பதில்லை.

ர., பந்தலூர்

அன்புள்ள தம்பி,

பாட்டா உரைநடையா என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன். படங்களைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. 2016 முதல் புகையிலைப் பொட்டலங்களின் முகப்பில் 85 விழுக்காட்டை எச்சரிக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் பெட்டிக்கடையில் நறுக்கிக் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்குகிறவளின் கண்ணில் அது படவே படாது. என்னை உறுத்துவது உங்கள் கடைசி வரி. 'இந்த மக்கள் கேட்பதில்லை' என்று எழுதுகிறீர்களே, அவர்களிடம் நீங்கள் எதையாவது கேட்டீர்களா?

என் அம்மா அந்த மக்களில் ஒருத்தி. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தாள். விடியுமுன் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அடுப்பில் தேநீர் கொதிக்கும்போதே முதல் துண்டு புகையிலை அவள் கடைவாய்க்குப் போய்விடும். முதுகில் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக, ஆடிச் சாரலில் அட்டைக்கடியோடு நின்று இரண்டு கைகளாலும் பறிக்கிறவளுக்குக் கைபடாமல் வாயிலேயே கிடக்கும் துணை அதுதான். மதியச் சோறு வரை பசியை அடக்கியதும் அதுதான். தோட்டத்து மருந்தகச் சுவரில் கன்னம் அழுகிய ஓர் ஆணின் படத்தை ஒட்டியிருந்தார்கள். பல ஆண்டுகள் அதன் கீழேயே உட்கார்ந்து மாத்திரைக்குக் காத்திருந்த அம்மா, "அது பீடி குடிக்கிற ஆம்பளைக்கு வர்றது" என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

ஆளுக்கேற்பச் செய்தி வடிப்பதைப் பற்றி அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். விடும் எண்ணமே இல்லாதவர், யோசிக்கிறவர், விட்டவர், விட்டதைக் காத்துக்கொள்கிறவர் என்று படிநிலைகள் உண்டு என 1980களின் தொடக்கத்தில் ப்ரோசாஸ்கா, டிக்ளமென்டே என்ற உளவியலாளர்கள் எழுதினார்கள். ஒரு படியில் நிற்பவருக்கு உதவும் சொல் இன்னொரு படியில் நிற்பவருக்கு எரிச்சலைத் தரும். 1994இல் விக்டர் ஸ்ட்ரெச்சர் குழுவினர் கணினியைக் கொண்டு புகைப்பவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் அனுப்பியபோது, மிதமாகவும் குறைவாகவும் புகைத்தவர்களிடம் பலன் தெரிந்தது. கவனியுங்கள், அந்தக் கணினியும் முதலில் அவர்களுடைய விடைகளை வாங்கிக்கொண்டுதான் எழுதத் தொடங்கியது. நீங்களோ பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை ஊருக்கே அனுப்பப் பார்க்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை உறையிலும்தான் பெயர் எழுதுகிறோம்.

அம்மாவிடம் முதன்முதலாகக் கேள்வி கேட்டவர் புதிதாக வந்த ஒரு செவிலியர். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் துண்டு, எந்தப் பக்கம் அடக்குவீர்கள், எந்த வேளையில் அது இல்லாமல் முடியாது, எந்த வேளையில் சும்மா போடுகிறீர்கள் என்று நான்கே கேள்விகள். (எழுந்தவுடனே தேடுகிறவரிடம் பழக்கம் ஆழமாக வேரோடியிருக்கிறது என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்.) பிறகு கைக்கண்ணாடியை நீட்டி, இடது கடைவாயில் படிந்திருந்த வெண்படலத்தை அவளுக்கே காட்டி, இது புற்றாக மாறக்கூடும் என்றார். படுக்குமுன் போடுவது சும்மாதான் என்று அம்மாவே சொல்லியிருந்ததால், அதை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்றிரவு என் சவரக் கண்ணாடியை விளக்கருகே வைத்து, வாயைத் திறந்தபடி அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவுத் துண்டு அந்த வாரமே நின்றது. கொழுந்துக் காட்டில் போடுவது நிற்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன, இடையில் மூன்று முறை மீண்டும் தொடங்கினாள்.

ஊதியமில்லாமல் அந்த மேடுகளில் நீங்கள் ஏறி இறங்குவதை அறிவேன். அந்த உரிமையில்தான் கடிந்துகொள்கிறேன். வாட்ஸ்அப்பை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போகாதீர்கள், அப்போது எல்லோர் கண்ணும் தராசின் மேல் இருக்கும். மாலையில் லயத்து வாசலில் போய் உட்காருங்கள். பத்துப் பேர் சொல்வதை, அவர்கள் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். செய்தியை எழுத நானும் உடன் உட்காருகிறேன்.