நகர மறுசீரமைப்பில் 'இன நியாயம்' என்றால் என்ன? மக்களிடம் ஏன் கேட்க வேண்டும்?

ஒரு பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும்போது பலன் எந்த இனத்தாருக்குப் போகிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் இன நியாயம்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு ஓயாததற்குக் காரணம் பழைய கணக்கு. 1930களில் ஓர் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்றது. அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதமும் அங்கே பெரும்பாலும் எட்டிப் பார்க்கவில்லை. பணம் வராத இடத்தில் வீடு பழுதாகத்தானே செய்யும்? அப்புறம் 1949 வீட்டுவசதிச் சட்டம் வந்தது. பழுதான பகுதி என்று சொல்லி அதே வீடுகளை இடித்தார்கள். நெடுஞ்சாலைகளும் சேர்ந்துகொண்டன, செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பை ஒரு நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது.

சரி, இப்போது கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்களே? அளவே எடுக்காமல் சட்டையைத் தைத்து முடித்துவிட்டு, பொத்தான் என்ன நிறம் வேண்டும் என்று கேட்பது போலத்தான் பல கூட்டங்கள் நடக்கின்றன. பாஸ்டனின் டட்லி தெரு வேறு மாதிரி. அங்கே குடியிருப்பாளர்களின் அமைப்புக்கே 1988இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரம் கிடைத்தது. நிலத்தை விற்காமல் மக்களுக்காக வைத்திருக்கும் சமூக அறக்கட்டளையிடம் நிலம் இருப்பதால் வீட்டு விலை கட்டுக்குள் நிற்கிறது.

இன நியாயம் கேட்பதை வளர்ச்சிக்கு எதிரான கோரிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். டட்லி தெருவில் வீடு கட்டச் சொல்லிக் கேட்டதே அங்கே குடியிருந்தவர்கள்தான்.