சோச்சியில் யூனா கிம்முக்கு நடந்தது அநியாயமா? ஃபிகர் ஸ்கேட்டிங் நடுவர்களை நம்பலாமா?

2014ல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில், பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் இசைக்கு ஆடும் சறுக்கு ஆட்டம்) போட்டியில் ரஷ்யப் பெண்ணுக்குத் தங்கம், தென்கொரியாவின் யூனா கிம்முக்கு வெள்ளி. என் மனசுக்கு யூனா கிம்தான் முதலிடம். ஆனால் தங்கத்தைத் திருடிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லவோ மறுக்கவோ முடியாதபடி அன்றைய விதி இருந்தது. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

நான் கும்பகோணத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். பனித்தளத்தை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று நாட்டியப் போட்டிகளுக்குப் பல வருஷமாக நடுவராகப் போகிறேன். சோச்சி போட்டியை யூடியூப்பில் பார்த்த பிறகு மார்க் தாளையும் தேடி எடுத்துப் படித்தேன்.

முதல் சுற்றில் கிம் 74.92, ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 74.64. இரண்டாம் சுற்றில் சோட்னிகோவா 149.95, கிம் 144.19. மொத்தத்தில் 224.59க்கு 219.11. இரண்டாம் சுற்று மதிப்பெண்ணில் இரண்டு பாகம் உண்டு. தாவல், சுழல், காலடி வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து தொழில்நுட்ப மதிப்பெண் ஒன்று. நம் பாஷையில் சொன்னால் அடவு சுத்தத்துக்கான மார்க். நடையழகு, இசையோடு ஒன்றுவது, நிகழ்ச்சியின் கட்டமைப்பு இவற்றுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவதில் கிம் 74.50, சோட்னிகோவா 74.41. அதாவது கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் முழுக்க முதல் பாகத்தில்தான்: 75.54க்கு 69.69.

அதையும் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் எவ்வளவு கஷ்டமோ அதற்கு ஏற்ற அடிப்படை மதிப்பு உண்டு. அந்தக் கூட்டுத்தொகை சோட்னிகோவாவுக்கு 61.43, கிம்முக்கு 57.49. ரஷ்யப் பெண் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றும் மும்முறைத் தாவல்கள் ஏழு வைத்திருந்தார், கிம் ஆறு. கிட்டத்தட்ட 4 புள்ளி இங்கேயே போய்விட்டது. மீதி 2 புள்ளிக்குச் சற்றுக் குறைவு, நடுவர்கள் செய்நேர்த்திக்குப் போட்ட மார்க்கில். ஆகவே, ஆடத் தெரியாதவருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்ற பேச்சு நிற்காது. எனக்கு உறுத்துவது அந்த இரண்டாம் பாகம். கிம்மின் நிதானமும், ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் விதமும் வேறு தரம். அடுத்தடுத்துத் தாவும் ஒரு கூட்டுத் தாவலின் கடைசியில் சோட்னிகோவா தடுமாறிய ஆட்டம் அதற்குச் சமம் என்று ஒன்பது பேர் எப்படி நினைத்தார்கள்?

யார் நினைத்தார்கள் என்றாவது பார்க்கலாம் என்று தாளைத் திருப்பினேன். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரிசை, ஒன்பது கட்டம், கட்டத்துக்குள் செய்நேர்த்திக்கு 0, 1, 2, 3 என்று எண்கள். நடுவர்கள் ஒன்பது பேரின் பெயரும் நாடும் தனியாகப் போட்டிருந்தது. ஆனால் எந்தக் கட்டம் யாருடையது என்பது கிடையாது. கட்டங்களின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருந்தார்கள். அதே ஒன்பது பேரில் ஒருவர் ரஷ்ய ஸ்கேட்டிங் சம்மேளனத்தின் பெரிய பொறுப்பாளருடைய மனைவி. இன்னொருவர் 1998 நகானோ ஒலிம்பிக்ஸ் நடுவர் முறைகேடு விவகாரத்தில் ஒரு வருஷம் தடை செய்யப்பட்டவர். அவர்கள் நேர்மையாகத்தான் போட்டார்கள் என்று காட்டவும் அந்தத் தாளில் வழியில்லை. தென்கொரியாவில் 15 லட்சம் பேருக்கு மேல் விசாரணை கேட்டு இணைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், அதற்குத் தோற்ற கோபம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பெயரை மறைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், 2002 சால்ட் லேக் சிட்டி இரட்டையர் போட்டியிலிருந்து. ரஷ்ய ஜோடிக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தன் நாட்டுச் சம்மேளனமே நெருக்கியது என்று பிரெஞ்சு நடுவர் சொல்ல, கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். 6.0ஐ உச்ச மார்க்காக வைத்த பழைய முறை ஒழிந்து 2004ல் இப்போதைய புள்ளி முறை வந்தது. பெயர் தெரியாவிட்டால் நடுவரை யாரும் நெருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவரை அனுப்புவதே அந்தந்த நாட்டுச் சம்மேளனம். மறைத்ததால் கேள்வி கேட்க முடியாமல் போனது பார்வையாளர்களுக்கும் ஆடின பிள்ளைகளுக்கும்தான். டார்ட்மத் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் ஆராய்ந்து பார்த்ததில், பெயரை மறைத்த பிறகு சொந்த நாட்டுப் பாசம் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்தது. 2016ல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அந்த விதியை எடுத்துவிட்டது. இப்போது எந்த நடுவர் எந்த மார்க் என்று தாளில் தெரியும்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் ஒரு போட்டி. ஊர் பெயர் வேண்டாம். மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. இன்னொருவரின் மாணவியும் மேடையில் ஆடினாள், முதல் பரிசும் அவளுக்கே. நிகழ்ச்சி முடிந்து கார் வரக் காத்திருந்தேன். வெள்ளை வேட்டியில் ஒருவர், பக்கத்தில் சலங்கையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் பெண். பதினோரு வயசு இருக்கும், கண் மை கலைந்திருந்தது. "டீச்சர், பரிசு கேட்டு வரல. எம்பொண்ணு எந்த இடத்துல தப்பு பண்ணுச்சு, அதை மட்டும் சொல்லிடுங்க. வீட்டுக்குப் போய் சரிபண்ணிக்கும்" என்றார். பின்னாலேயே வந்த அமைப்பாளர், "மார்க்கெல்லாம் ரகசியம் சார், நடுவர்களைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு போட்டிக்குக் கூப்பிடுகிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். என் தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கேட்கிற பெற்றோருக்குக் காட்ட வேண்டும். என் பிள்ளைகள் ஆடுகிற பிரிவில் உட்கார மாட்டேன். சில சபாக்கள் அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. போகட்டும்.

கையெழுத்துப் போடத் தொடங்கியதும் என் கையே மாறியதைப் பார்த்தேன். ஒரு அம்மா வந்து, "அபிநயத்துக்கு ஏன் 6?" என்றார். கை போன பக்கம் கண் போகவில்லை, முத்திரை வலது பக்கம், பார்வை சபையில் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். இன்னொரு முறை ஒரு பெண்ணுக்கு 7 போட்டிருந்தேன். ஏன் என்று கேட்டார்கள், எனக்கே தெரியவில்லை. முந்தின வருஷம் நன்றாக ஆடினவள், அந்த ஞாபகத்தில் போட்ட மார்க் அது. ஸ்கேட்டிங்கிலும் இதே சங்கடம் உண்டு. பேர் வாங்கினவர் தளத்தில் இறங்கும்போதே நடுவர் மனசில் ஒரு எண் உட்கார்ந்துவிடுகிறது. பந்தநல்லூர் பாணியில் கற்றவர் வழுவூர் பாணி ஆட்டத்துக்கு மார்க் போடும்போதும் இது நடக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

அதனால் இன்றைய முறையை நம்பலாமா என்றால், 2014ஐவிட நம்பலாம். ஒன்பது பேரில் அதிக மார்க்கும் குறைந்த மார்க்கும் கழித்து மீதி ஏழின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள், ஒருவர் மட்டும் நினைத்தால் பெரிதாக இழுக்க முடியாது. பாதிச் சுற்று குறைந்ததா, ஸ்கேட் கத்தியின் தவறான விளிம்பில் எழும்பினாரா என்று பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அழகுக்கான மார்க்குக்கு ஏன் என்று ஒரு வரி எழுதும் வழக்கம் இன்னும் இல்லை. நடுவரை நாட்டுச் சம்மேளனம் அனுப்பும் முறையும் மாறவில்லை. இந்த இரண்டும் மாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நீங்கள் அடுத்த முறை ஒரு போட்டி பார்த்தால் தாளை இறக்கிக்கொண்டு, ஒரே நடுவரின் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். தன் நாட்டுப் பெண்ணுக்கும் அடுத்த நாட்டுப் பெண்ணுக்கும் அவர் கை எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த வெள்ளை வேட்டிக்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தக் குழந்தை ஒரே இடத்தில்தான் தவறினாள். மூன்றாவது ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் தாளத்தைவிட அரை அட்சரம் முந்திவிட்டாள், முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியும் அங்கேதான் எழும்பியது. சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.