மீட்டர் சொல்வதும் கணக்கு சொல்வதும்

கேள்வி: 60 வாட் குண்டு பல்பின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் 65 ஓம் அளவே காட்டுகிறது. 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டாலோ ஏறத்தாழ 880 ஓம் வருகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரும் சரி, உங்கள் கணக்கும் சரி. மீட்டர் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை; கணக்கு காட்டுவது, ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் ஒளிரும் இழையை. உலோகம் சூடேறும்போது அணுக்களின் அதிர்வு மிகுந்து எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்குக் கூடுதல் இடையூறு ஏற்படுவதால், மின்தடை 12 மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் 3 ஆம்பியர் அளவுக்குப் பாயும் மின்னோட்டம், நொடியில் சிறு பகுதிக்குள் 0.26 ஆம்பியராகக் குறைவது இதனால்தான். இத்தகைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ஃபியூஸ் ஆவதையும் நீங்கள் கவனித்திருக்கலாம்: டங்ஸ்டன் நாளடைவில் ஆவியாகி மெலிந்துபோன இடம், அந்த முதல் பாய்ச்சலில் மற்ற பகுதிகளைவிட விரைவாகச் சூடேறி உருகிவிடுகிறது.