குறைமாதப் பிள்ளைக்கு மீனெண்ணெய் கொடுத்தால் மூளை வளருமா?

முல்லைத்தீவுத் தங்கச்சி கேட்டது இது: 28 கிழமையில் பிறந்த மகன் இப்போது வீட்டில், பாமசியில் மீனெண்ணெய் வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் அது தாயிடமிருந்து பிள்ளைக்கு அதிகம் போகும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பங்கு குறைந்துவிடும்.

அவுஸ்திரேலியா தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், 29 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 60 மில்லிகிராம் டிஎச்ஏ கொடுத்தார்கள். நுரையீரலைக் காக்கும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். 2017இல் வந்த முடிவு ஏமாற்றம்: நுரையீரல் நோய் குறையவில்லை, சற்றுக் கூடியதாகவே தெரிந்தது. அப்புறம், அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ஐந்து வயதில் சோதித்தபோது, டிஎச்ஏ பெற்றவர்களின் நுண்ணறிவு ஈவு (ஐகியூ) சராசரியாக 3.5 புள்ளி கூட இருந்தது. இது 2022இல் வெளிவந்தது. 33 கிழமைக்கு முன் பிறந்தவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்விலோ ஏழு வயதில் வித்தியாசமே இல்லை.

கவனியுங்கள், அதெல்லாம் ஆஸ்பத்திரியில், பிறந்த முதல் கிழமைகளில், அளந்து கொடுத்தது. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. போத்தல் மீனெண்ணெய் புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து; ஈரல் எண்ணெய் என்றால் விற்றமின் ஏயும் கூடிவிடும்.

தாய்ப்பாலில் டிஎச்ஏ உண்டு, நீங்கள் மீன் சாப்பிட்டால் கூடும். பத்தியம் என்று மீனை ஒதுக்காதீர்கள். உங்கள் கடற்கரைச் சூடை மீனும் கீரி மீனும் போதும், விலையும் குறைவு. மற்றதைக் கிளினிக்கில் பிள்ளை டொக்டரிடம் கேளுங்கள்.