பள்ளி திறக்கப் போகிறது, கையில் பணம் குறைவு. இரண்டு பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதில் எப்படிச் சிக்கனம் பிடிப்பது?

இரண்டு பிள்ளைகள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இரண்டுதான். மூத்தவள் ஆறாவது, சின்னவன் மூன்றாவது. அதோடு, ஒரு ரெடிமேட் கடையில் ஆல்டரேஷன் மெஷினில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்குப் புதுத்துணியோடு என் மேசைக்கு வந்தவர்களில் பலர் இரண்டு மாதம் கழித்து அதே துணியோடு திரும்ப வருவார்கள். தையல் விட்டுப்போச்சு, ஏறிப்போச்சு, முட்டி கிழிஞ்சுபோச்சு.

வாங்குகிறவர்கள் துணியின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். தைக்கிறவர்கள் கையில் துணி வந்ததும் உள்பக்கத்தைத் திருப்புவார்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அந்த உள்பக்கத்தைப் பற்றித்தான்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பீரோவில் இருக்கும் பள்ளித் துணி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, பிள்ளையை நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான், பிள்ளையும் சிணுங்கும். ஆனால் "எதுவுமே பத்தாது" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் குறைந்தது இரண்டு தேறிவிடும். போன வருஷம் என் மகளுக்குப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது பாவாடை மட்டும். சட்டைகளுக்குத் தேவைப்பட்டது நான்கு பட்டன்.

எத்தனை செட் வேண்டும் என்பதற்குத் துவைக்கிற நாள்தான் கணக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை துவைப்பீர்கள் என்றால் நான்கு சட்டை, இரண்டு பேன்ட் தாராளம். சட்டை ஒரே நாளில் அழுக்காகும். பேன்ட்டோ பாவாடையோ இரண்டு நாள் ஓடும். தினமும் துவைக்கிற வீட்டில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம். சட்டையும் பேன்ட்டும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் எடுப்போம்.

அடுத்தது அளவு. தயவுசெய்து வயதைச் சொல்லி வாங்காதீர்கள். "எட்டு வயசு" என்று லேபிளில் இருப்பது அந்தக் கம்பெனியின் கற்பனைப் பிள்ளைக்கு. ஐரோப்பாவில் பிள்ளைகள் துணிக்கு உயரத்தையே அளவாகப் போடுவார்கள்: 116, 122, 128 என்று 6 செ.மீ. இடைவெளியில். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும் வரைக்கும், பிள்ளைகள் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள். அதாவது ஒரு சைஸ் என்பது கிட்டத்தட்ட ஒரு வருஷம். சுவரில் பிள்ளையை நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொண்டு, டேப்பில் மார்பையும் இடுப்பையும் தோளையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனால், பிள்ளை இல்லாமலேகூட வாங்கிவிடலாம். கூட்டத்தில் பிள்ளை அழுகிறது என்பதற்காகக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருகிற செலவு அதில் மிச்சம்.

"வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." கவுண்டரில் நாள் முழுக்கக் காதில் விழுகிற வாக்கியம் இதுதான். இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிறவர்களும் உண்டு. தொளதொளவென்று தொங்கும் சட்டையில் கை நோட்டின் மேல் வழுக்கும், பேன்ட்டை மிதித்துப் பிள்ளை விழும், கால் பக்கம் தேய்ந்தே கிழியும். எங்கள் கடையில் இருந்த வயதான கட்டிங் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: தோள் இப்போதைய அளவுக்கு இருக்கணும், நீளத்தை மட்டும் வரப்போகிற வருஷத்துக்கு வாங்கு. காரணம், நீளத்தை மடித்து வைத்துக்கொண்டு பிறகு பிரித்து விடலாம். தோளைச் சரிசெய்ய வேண்டுமானால் கையைப் பிரித்து, வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கூலிக்கு வேறு சட்டையே வந்துவிடும்.

இப்போது உள்பக்கத்துக்கு வருவோம். பேன்ட்டை எடுத்ததும் கால் நுனியைத் திருப்பி, மடிப்புக்குள் எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள். மலிவாகத் தைப்பவர்கள் அரை அங்குலத்தில் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் மெஷினில் அடிக்கிற தையல்) அடித்து முடித்துவிடுவார்கள். 2 அங்குலம் இருந்தால் அந்த பேன்ட் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் எடுங்கள். கணக்கு இதுதான்: பிள்ளை 6 செ.மீ. வளர்ந்தால் கால் அதில் பாதியோ சற்றுக் கூடவோ வளரும். 2 அங்குல மடிப்பில் ஓரம் தைக்க அரை அங்குலம் போனாலும் ஒன்றரை அங்குலம், அதாவது 4 செ.மீ. அளவுக்கு இறங்கும். ஒரு முழு வருஷம் அந்த மடிப்புக்குள் சும்மா படுத்துக் கிடக்கிறது. இடுப்புக்கு, உள்ளே காஜா (பட்டன் ஓட்டை) போட்ட எலாஸ்டிக்கைப் பட்டனில் மாட்டுகிற மாதிரி வருகிறதே, அது நல்லது. உயரம் ஏறுகிற வேகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு ஏறாது.

ஆல்டர் பண்ணக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, மிச்சத் துணியை வெட்ட வேண்டாம், உள்ளே மடித்தே தையுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் கத்தரி போட்டுவிடுவோம், நானும் போட்டிருக்கிறேன். இன்னொன்று, மடிப்பை நல்ல சூட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணி சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பேன்ட்டில் கத்தி மாதிரி மடிப்பு நிற்பது இதனால்தான், பிரித்த பிறகும் கால் நுனியில் கோடு தெரிவதும் இதனால்தான். லேசான கோடாக இருந்தால், வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். சாயம் வெளுத்து விழுந்த கோடு எதற்கும் அசையாது. அதன் மேலேயே சுற்றி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், டிசைன் மாதிரி இருக்கும்.

அடுத்து தையல். சட்டையின் பக்கவாட்டுத் தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்து, வெளிச்சத்தில் காட்டுங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஒரு அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் இருந்தால் பள்ளிக்கூடத்து இழுபறிக்குத் தாங்கும். ஆறு, ஏழுதான் இருக்கிறது என்றால் முதல் மாதத்திலேயே விடும். பேன்ட்டில் கால் இரண்டும் சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா, பாக்கெட் முனையில் குறுக்கே நெருக்கமாக ஒரு தையல் அடித்திருக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். துணியின் ஒரு ஓரத்தை இன்னொரு ஓரத்தோடு கசக்கித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் கஞ்சியால் மொடமொடப்பாக நிற்கும் துணி அது. முதல் துவைப்பில் கந்தல் மாதிரி தொய்ந்துபோகும்.

பருத்தியா, கலப்பா? இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் டெரிகாட்டன்தான் என் கட்சி. பாலியஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு, மிச்சம் பருத்தி என்கிற கலவை. சீக்கிரம் காயும், தேய்க்காமலே போடலாம், முட்டியில் லேசில் கிழியாது. ஆனால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் சட்டைக்கும் உள்ளாடைக்கும் பருத்தி கூடுதலாக இருக்கணும். 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே 8 கிராம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வை துணிக்குள் போகாமல் தோலிலேயே நிற்கும், பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருக்கும். அந்தச் சட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் பிள்ளை அதைப் போடாது.

பருத்தியில் இருக்கிற வம்பு, சுருங்குவது. 1930-ல் சான்ஃபோர்ட் கிளூயெட் என்பவர், துணியை மில்லிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சில துணிகளில் 'சான்ஃபரைஸ்டு' என்று அச்சிட்டிருப்பது அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அப்படிச் செய்யாத பருத்தி முதல் துவைப்பிலேயே நூற்றுக்கு 3, 5 என்று சுருங்கும். 70 செ.மீ. நீளமுள்ள பேன்ட்டில் 3 சதவீதம் என்றால் 2 செ.மீ. போச்சு. "நீங்க கூட வெட்டிட்டீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு தடவை தண்ணீரில் போட்டுக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்த பிறகு உயரம் பிடியுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் மறுநாள் காலையே வேண்டும்.

பயன்படுத்திய துணி வாங்குவதில் ஒரு கூச்சமும் வேண்டாம். சுருங்குவதெல்லாம் சுருங்கி, சாயம் போவதெல்லாம் போய், இனி இதுதான் நான் என்று நிற்கிற துணி அது. புதுத்துணியில் இந்த நிச்சயம் கிடையாது. அக்குள், காலர், முட்டி, தொடைச்சந்து, ஜிப் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் பிள்ளைக்கு ஒரு வகுப்பு மேலே படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். அவர்களும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பையில் கட்டி வைத்திருப்பார்கள்.

அக்கா துணியைத் தம்பிக்குக் கொடுப்பதில் மட்டும் நான் ஒரு தடவை சூடு பட்டேன். மகளின் வெள்ளைச் சட்டை மூன்று அப்படியே புதுசு போல இருந்தன. காலர் ஒன்று, நிறம் ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று சின்னவனுக்குப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் நின்றான். "அம்மா, இது பொண்ணுங்க சட்டையாம். பட்டன் அந்தப் பக்கம் இருக்காம்." உண்மைதான். ஆண்கள் சட்டையில் பட்டன் வலது பக்கம், பெண்கள் சட்டையில் இடது பக்கம். ஏழு வருஷம் தினமும் பட்டன் தைத்தவளுக்கு அது தெரியாமலா இருந்தது? எட்டு வயசுப் பையன்கள் கவனிப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை. அன்று ராத்திரி ஒரு சட்டைக்குப் பட்டன்களைப் பிரித்து, பழைய காஜாவை அடைத்து அதன் மேலேயே பட்டனைத் தைத்து, எதிர்ப்பக்கத்தில் புதுக் காஜா எடுத்தேன். முடிக்கும்போது மணி பதினொன்று. மிச்ச இரண்டையும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் கையில் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எதையும் எடுத்து வைக்கிறேன். பிள்ளைக்குப் பிடிக்காத சட்டை இலவசமாக வந்தாலும் நஷ்டக் கணக்குதான்.

எல்லாவற்றையும் பள்ளி திறக்கும் முன்பே வாங்கித் தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பாதியை வாங்குங்கள். ஒரு மாதம் போனால் எது சீக்கிரம் அழுக்காகிறது, எதைப் பிள்ளை தொடவே மாட்டேன் என்கிறது என்பது தெரிந்துவிடும். கூட்டமும் குறைந்திருக்கும், மிஞ்சிய சரக்கைத் தள்ளுபடியில் போடுவதும் அப்போதுதான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் மூன்றும் ஒரே சைஸ் என்றால் யோசியுங்கள். மூன்றாவது கிழிவதற்கு முன்பே பிள்ளை வளர்ந்துவிடும். பெண் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயது ஆகிறதென்றால் இன்னும் கவனம். அந்த வயதில் வருஷத்துக்கு 8 செ.மீ. வரைக்கும் வளரும், மடிப்பெல்லாம் ஈடுகொடுக்காது. பையன்களுக்கு இது சுமார் இரண்டு வருஷம் தள்ளி வரும். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதுதான் வழி.

யூனிஃபார்ம் உள்ள பள்ளி என்றால், பேட்ஜை மட்டும் வாங்கி வெளியில் எடுத்த சாதாரண வெள்ளைச் சட்டையில் தைத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இடத்தில் விடுவார்கள்.

ஷூவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுத்த பிள்ளையின் பாதத்துக்குப் பழகிய ஷூ நம் பிள்ளைக்கு ஆகாது. சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நிற்க வைத்து அளந்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு செ.மீ. விட்டுப் புதிதாகவே வாங்குங்கள். துணியில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு நானும் சின்னவனின் இரண்டு பேன்ட்டைப் பிரிக்க வேண்டும். சுவரில் போன வருஷக் கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருக்கிறான். தையல் பிரிக்கிற பிளேடை மகள் பென்சில் சீவ எடுத்துப்போய்விட்டாள், தேடிக்கொண்டிருக்கிறேன்.